பதற்றத்துக்குப் பெயர் சொன்னால்…

விடுதியில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கும் மாணவர் கேட்டிருக்கிறார்: ‘எனக்கு இங்கே நெருங்கிய நண்பர்கள் இல்லை. எந்நேரமும் படபடப்பாக இருக்கிறது. மனதில் இருப்பதைச் சொன்னால் பாரம் குறையும் என்கிறார்கள். சொன்ன பிறகும் பிரச்சினை அப்படியேதானே இருக்கும்?’

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அடைபட்டது வெளியேறினால் நிம்மதி என்ற கருத்து, 1895-ல் மருத்துவர்கள் புரோயரும் ஃபிராய்டும் எழுதிய நூலோடு பரவியது. 1986-ல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களைத் தங்கள் மனக்காயங்களைப் பற்றி நான்கு நாள் எழுதவைத்தார். அடுத்துவந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னர் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறிது. வரலாறு இவ்வளவு போதும்.

என்னை வியக்கவைப்பது, 2007-ல் மேத்யூ லீபர்மேன் குழு கலிஃபோர்னியாவில் 30 பேரிடம் செய்த சோதனை. ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவருக்குக் கோபமான அல்லது பயந்த முகம் ஒன்றைக் காட்டுவார்கள். கீழே இரண்டு சொற்கள்; அந்த முகத்தின் உணர்ச்சி எதுவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு சுற்றில் இரண்டு ஆள்பெயர்கள். முகம் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பொருத்தமான பெயரை எடுக்க வேண்டும். முகங்கள் அதே வகை, வேலையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது மட்டும் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப்பகுதியான அமிக்டலாவின் துடிப்பு தணிந்தது. முன்மூளையின் வலது கீழ்ப்பகுதி விழித்துக்கொண்டது.

அமிக்டலா வாசலில் கட்டிய நாய். யார் வந்தாலும் குரைக்கும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பால்காரர்டா, சும்மா இரு” என்றால் அடங்கும். “யாரோ வந்திருக்காங்க” என்றால் அடங்காது. யாரென்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து கத்தினால் தெருவே விழித்துக்கொள்ளும். ஒரே கவலையை நண்பரோடு நாள்முழுக்கத் திரும்பத் திரும்பப் பேசுவது அப்படித்தான். நட்பு இறுகுகிறது, கூடவே பதற்றமும் கூடுகிறது என்று 2002-லேயே உளவியலாளர் அமாண்டா ரோஸ் காட்டியிருக்கிறார்.

சிலந்திக்குப் பயந்தவர்களிடம் 2012-ல் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. பெரிய டாரன்டுலா சிலந்தியின் அருகே உட்கார்ந்து, தம் பயத்தை வாய்விட்டுச் சொன்னவர்களுக்கு ஒரு வாரம் கழித்து உள்ளங்கை வியர்வை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆனால் ‘எவ்வளவு பயம்?’ என்று கேட்டால் மற்றவர்கள் சொன்ன அளவையே சொன்னார்கள். உடம்பு முந்திக்கொண்டது, மனம் அதை இன்னும் அறியவில்லை!

இதை வைத்துக்கொண்டு, ‘பெயர் சொல், பதற்றம் பறக்கும்’ என்று செயலி விற்கிறார்கள். நம்ப வேண்டாம். ஸ்கேனில் ஒரு புள்ளி மங்குவது வேறு, பதற்றநோய் குணமாவது வேறு.

பதின்வயதில் பெயர் சொல்வதே கடினம். 5 முதல் 25 வயது வரையிலான 143 பேரை ஆராய்ந்து 2018-ல் எரிக் நூக் குழு கண்டது இது: உணர்ச்சிகளைப் பிரித்தறியும் திறன் பதின்வயதில்தான் மிகத் தாழ்கிறது. சிறுபிள்ளைக்கு ஒருநேரத்தில் ஒரே உணர்ச்சி. பதினாறு வயதில் வெட்கம், கோபம், ஏக்கம் மூன்றும் ஒன்றாக மொய்க்கின்றன. பிரித்தெடுக்கும் பழக்கம் பிறகுதான் வருகிறது. ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்று அந்த மாணவர் சொன்னால் அது மழுப்பல் அல்ல.

ஆகவே நண்பர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ‘மெஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அவமானமாக இருந்தது, வீட்டு ஞாபகம் வந்தது’ என்று நோட்டில் எழுதுவதும் பெயர் சொல்வதுதான். அடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அக்காவிடமோ வார்டனிடமோ சொல்லலாம். படபடப்பு வாரக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால் நோட்டு போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.