திரையில் பளிச், தாளில் மங்கல்: ஏன்?

விழுப்புரம், திண்டிவனம் டி.டி.பி. கடைகளில் நம்ம குழுக்கள் லேபிள் அடிக்கிறோம். கம்ப்யூட்டரில் செக்கச்செவேல்னு தெரியும் மிளகாய்த்தூள், அச்சில் செங்கல் நிறமா வந்தா? வாங்குறவங்க பழைய சரக்குன்னு நினைச்சிடுவாங்க. ஆயிரம் லேபிள் காசும் வீண்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டும். ஆப்செட் மிஷின் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் அடிக்கும். ஒளியின் பளபளப்பு மைக்கு வராது.

அதனால் கடையில் 'சாஃப்ட் புரூஃப்' காட்டச் சொல்லுங்க. போட்டோஷாப்பில் கன்ட்ரோலும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால், அச்சில் எப்படி வரும்னு திரையிலேயே ஓரளவு தெரியும். அப்படியும் அச்சு வேற மாதிரி வந்தால், முதலில் புரொஃபைலைப் பார்க்கணும். வழவழப்புத் தாளின் புரொஃபைலை வைத்துக்கொண்டு சாதா தாளில் அடித்தால் ஒத்துப்போகாது. சாதா தாள் மையைக் குடிச்சிடும். சிவகாசிக்கு அனுப்புறதா இருந்தால், எந்தப் புரொஃபைல்னு அந்தப் பிரஸ்ஸையே கேளுங்க. திரை வெளிச்சம் அதிகமா இருந்தாலும் கண் ஏமாறும். தாளின் நிறத்தையும் சேர்த்துக் காட்டச் சொன்னால் படம் டல்லடிக்கும். பயப்படாதீங்க, நிஜத்துக்குக் கிட்ட அதுதான்.

ஒரே ஒரு தாள் அடிச்சு, பகல் வெளிச்சத்தில் நம்ம மிளகாய்த்தூள் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே சரின்னு கையெழுத்துப் போடுங்க.