புதிய கண்ணாடியும் பழைய சாரதியும்

எமது கடைக்குச் சரக்கு ஏற்றி வரும் சாரதி என்னை விட மூன்று வயது மூத்தவர். நான் அவரை 'நானா' என்றுதான் அழைப்பேன். இருபத்திரண்டு வருடங்களாக எம்மோடு இருக்கின்றார். ஸுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு அக்குறணையிலிருந்து புறப்பட்டால், கடுகண்ணாவை இறக்கத்தைத் தாண்டி, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவுக்குப் போய், துணிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு இஷாவுக்கு முன்னர் கடைக்கு வந்து சேர்ந்து விடுவார். இத்தனை காலத்தில் அவருடைய கையால் ஒரு சிக்னல் விளக்குக்கூட உடைந்தது கிடையாது.

அப்படிப்பட்டவர், புதிய வேன் வந்து ஒரு மாதம் முடிவதற்குள் இரண்டு தடவைகள் மோதி விட்டார்.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து ஐந்து வருடங்களாக எம்மில் பலர் பழைய வாகனத்தையே தட்டிக் கொட்டி ஓட்டி வந்தது வாசகர்களுக்குத் தெரிந்த விடயம். 2025 பெப்ரவரியில் தனியார் பாவனை வாகனங்களுக்கும் மீண்டும் வழி திறக்கப்பட்ட பின்னர், நானும் ஜப்பானில் பாவிக்கப்பட்ட ஒரு வேனை எடுத்தேன். நல்ல வேன். அதில் சாரதிக்கு மேலே நடுவில் இருக்கும் கண்ணாடி மட்டும் சாதாரணக் கண்ணாடி அல்ல, டிஜிட்டல் கண்ணாடி. பின்பக்கம் பொருத்தப்பட்டுள்ள கெமரா பிடிக்கின்ற படத்தை, கண்ணாடி வடிவத்திலுள்ள ஒரு திரை காட்டும். விற்றவர் அதனைப் பெரிய விசேடமாகச் சொன்னார். நானும் பெருமையோடு நாலு பேருக்குக் காட்டினேன்.

முதல் மோதல் இரண்டாம் குறுக்குத் தெருவில். பின்னால் எடுக்கும்போது நாட்டாமை ஒருவரின் கைவண்டியில் இடித்து விட்டார். நட்டம் பெரிதில்லை. இரண்டாவது நிட்டம்புவைப் பக்கம். நிறுத்தியிருந்த பஸ்ஸைக் கடப்பதற்காக வலப்பக்கம் வெட்டியபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கார இளைஞர் பட்டு விழுந்தார். அல்லாஹ் காப்பாற்றினான், கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆஸ்பத்திரிச் செலவு, மோட்டார் சைக்கிள் திருத்தம், ஒரு நாள் வியாபாரம் எல்லாம் போனதைப் பற்றிக் கவலையில்லை. அந்தப் பிள்ளை இன்னும் ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் எதிரே வந்த லொறிக்குள் போயிருப்பார். அதனை நினைத்தால் இப்போதும் மனம் நடுங்குகின்றது.

அன்று மாலை கடையில் வேலை செய்கின்ற பிள்ளைகளுக்கு முன்னால் நானாவை ஏசினேன். "வயசு போனா வேலய விட்டுப்போட்டு வீட்டுல இரிக்கணும்" என்று கூடச் சொல்லி விட்டேன். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. சாவியை மேசையில் வைத்தார்.

"ஹாஜியார், அந்தக் கண்ணாடி எனக்கு ஒத்து வருதில்ல. மோட்டார் சைக்கிள் தூரத்துல வாற மாதிரித்தான் விளங்கிச்சி. வேற ஆளப் பாருங்க."

அவருக்கு இன்னும் ஒரு மகள் கலியாணத்துக்கு இருக்கின்றார் என்பதை நான் அறிவேன். அப்படியிருந்தும் சாவியை எடுத்து லாச்சிக்குள் போட்டேன்.

நானே ஓட்டிப் பார்த்தேன்

அடுத்த வாரம் வேறு சாரதி கிடைக்காததால் நானே வேனை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டேன். மாவனெல்லையைத் தாண்டுவதற்குள் எனக்குத் தலை வலித்தது. திரையைப் பார்த்தால் படம் மங்கல். முகத்தை மேலே தூக்கி, மூக்குக் கண்ணாடியின் கீழ்ப் பாதியால் பார்த்தால் தெளிவு. ஆனால் அப்படிப் பார்த்துக்கொண்டு பாதையில் ஓட்ட முடியுமா? பின்னால் ஒரு பஸ் வருவது தெரிகின்றது. அது பத்து யார் தூரத்திலா ஐம்பது யார் தூரத்திலா என்பது தெரியவில்லை. சிறு வயது முதல் வாகனம் ஓட்டுகின்ற எனக்கு, லைசன்ஸ் எடுத்த முதல் நாள் போன்ற ஒரு பயம் வந்தது.

வரக்காப்பொலையில் வேனை நிறுத்தி ஒரு பிளேன்ரீ குடித்தேன். நானா சொன்னது உண்மை என்பது அங்கேதான் விளங்கியது. அவரை ஏசுவதற்கு முன்னர் ஒரு முறை அந்த ஆசனத்தில் உட்கார்ந்து பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

கண் ஏன் தடுமாறுகின்றது?

வீட்டுக்கு வந்த பின்னர் மகனின் உதவியோடு இதனைப் பற்றித் தேடி வாசித்தேன். கண் பரிசோதகர் ஒருவரிடமும் கேட்டேன். விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகின்றேன்.

சாதாரணக் கண்ணாடியில் முப்பது யார் பின்னால் வருகின்ற பஸ்ஸைப் பார்க்கும்போது, எமது கண் முப்பது யாருக்கு அப்பால் பார்ப்பது போலவே தன்னைச் சரிசெய்து கொள்கின்றது. கண்ணாடி எமக்கு அருகில் இருந்தாலும் அதற்குள் தெரிகின்ற பொருள் தூரத்துப் பொருள்தான். முன்னால் பாதையைப் பார்த்துக் கொண்டிருந்த கண்ணுக்கு இதில் புதிய வேலை எதுவும் இல்லை.

டிஜிட்டல் கண்ணாடியில் அவ்வாறல்ல. நாம் பார்ப்பது பஸ்ஸை அல்ல, பஸ்ஸின் படத்தை. அந்தப் படம் முகத்துக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு கை நீளத்தில் இருக்கின்றது. ஆகவே தூரத்துப் பாதையிலிருந்து கிட்டத்துத் திரைக்கும், திரையிலிருந்து மீண்டும் பாதைக்கும் கண் ஒவ்வொரு தடவையும் மாற வேண்டும். இருபது வயதுப் பிள்ளைக்கு இது நொடியில் நடக்கும். நாற்பதைத் தாண்டிய பின்னர் கிட்டப் பார்ப்பதற்கான கண்ணின் சக்தி குறைந்து கொண்டே போவது இயற்கை. பத்திரிகையை நீட்டிப் பிடித்து வாசிக்கின்ற வயது என்று சொல்வோமே, அதேதான்.

எனது மூக்குக் கண்ணாடியில் மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி வாசிப்பதற்கு. திரையோ மேலே இருக்கின்றது. தூரத்துக்கான பாதியால் கிட்டத்துத் திரையைப் பார்த்தால் மங்காமல் என்ன செய்யும்? நானாவின் நிலைமை இன்னும் மோசம். அவருக்குத் தூரப் பார்வை நல்லது. வாசிக்கின்ற கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார்.

தூரம் பிடிபடாமைக்கு வேறு காரணங்களும் உண்டு. சாதாரணக் கண்ணாடியில் எமது இரண்டு கண்களும் இரண்டு கோணங்களில் பார்த்துத் தூரத்தை மட்டிடுகின்றன. தலையைச் சற்று அசைத்தால் காட்சியும் அசையும். எமது வாகனத்தின் பின் ஆசனமும் பின் கண்ணாடிச் சட்டமும் அதற்குள் தெரிவதால் 'இது இவ்வளவு, அது அவ்வளவு' என்று மனம் கணக்குப் போடும். திரையில் இவை எதுவுமில்லை. போதாக்குறைக்கு, அகலமாகக் காட்டுவதற்காகப் படத்தில் பொருட்கள் சிறுத்துத் தெரிகின்றன. சிறியதாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக நினைப்பது மனித சுபாவம். நிட்டம்புவையில் நடந்தது அதுதான்.

அப்படியானால் இது வேண்டாத பொருளா?

இல்லை. நிசான் நிறுவனம் 2014இல் நடுக்கண்ணாடியை இவ்வாறு திரையாக்கிக் காட்டியது. ஜப்பான் 2016இல் தனது விதிகளைத் திருத்தி, கண்ணாடிக்குப் பதிலாகக் கெமராவை அனுமதித்தது. 2018இல் லெக்ஸஸ் ஈ.எஸ். கார் அங்கு பக்கக் கண்ணாடிகளையும் எடுத்து விட்டுக் கெமராக்களோடு வந்தது. அதே ஆண்டில் மெர்சிடிஸ் தனது அக்ட்ரோஸ் லொறியைப் பெரிய பக்கக் கண்ணாடிகள் இல்லாமல் காட்சிக்கு வைத்தது. இவ்வளவு பேர் இதன் பின்னால் போவதற்குக் காரணம் இருக்கின்றது.

சரக்கு ஏற்றுகின்ற எமக்கு அந்தக் காரணம் எல்லோரை விடவும் நன்றாக விளங்க வேண்டும். கூரை வரைக்கும் பொதி அடுக்கினால் சாதாரண நடுக்கண்ணாடியில் தெரிவது எமது பொதிதான். அதனை வைத்துக்கொண்டு இத்தனை வருடமும் பின்பக்கம் தெரியாமல்தான் ஓடியிருக்கின்றோம். கெமராவோ பொதிக்குப் பின்னால் இருக்கின்றது. அதற்குப் பொதி மறைப்பதில்லை. இரவில் பின்னால் வருகின்ற வாகனத்தின் பெரிய விளக்கு முன்னர் போல் கண்ணைக் குத்துவதுமில்லை. நாளைக்கு நாம் எடுக்கின்ற வாகனங்களிலும் இது இன்னும் அதிகமாக வரத்தான் போகின்றது. எனவே பொருளில் அல்ல, பழக்கிக் கொள்வதில்தான் குறை.

எவ்வாறு பழகினோம்?

நானாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகளுக்கு முன்னால் ஏசியதால், மறுநாள் அதே பிள்ளைகளுக்கு முன்னாலும் பிழை என்னுடையது என்று சொன்னேன். ஏசுவதற்கு இருந்த தைரியம் அதற்கு இலேசில் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கின்றேன்.

பின்னர் கடை மூடுகின்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரும் வேனை ஒரு வெறும் மைதானத்துக்குக் கொண்டு போனோம். வெற்று அட்டைப் பெட்டிகளைப் பத்து, இருபது, முப்பது எட்டுத் தூரத்தில் பின்னால் வைத்தோம். ஆசனத்தில் உட்கார்ந்து திரையில் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாகத் தெரிகின்றது என்று பார்த்து, இறங்கிப் போய் நேரில் பார்த்து, மீண்டும் ஏறிப் பார்த்தோம். மகன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து காட்டினான். மூன்று வெள்ளிக்கிழமைகளில் கண்ணுக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது.

நானா தனக்கென்று ஒரு வழியையும் கண்டுபிடித்துக் கொண்டார். பின்னால் யார் வருகின்றார் என்பதைத் திரையில் பார்ப்பார். எவ்வளவு தூரத்தில் வருகின்றார் என்பதைப் பக்கக் கண்ணாடியில் பார்ப்பார். பக்கக் கண்ணாடியும் சற்றுக் குவிந்ததுதான், பொருளைச் சிறிதாகக் காட்டுவதுதான். ஆனால் அது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். இரண்டிலும் பார்க்காமல் வலப்பக்கம் வெட்டுவதில்லை என்பது இப்போது எமது வேனின் சட்டம்.

வியாபாரிகளுக்குச் சில வார்த்தைகள்

இவ்வகைக் கண்ணாடியோடு வாகனம் எடுக்க இருப்பவர்கள் பின்வருவனவற்றைக் கவனித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று, கண்ணாடியின் கீழே ஒரு சிறிய நெம்பு இருக்கும். அதனைத் தட்டினால் திரை அணைந்து சாதாரணக் கண்ணாடியாகி விடும். எமக்கு அது ஒரு மாதமாகத் தெரியாது! வெறும் வேனில் போகும்போதும், கண் களைத்த நேரத்திலும் தட்டி விடலாம்.

இரண்டு, திரையின் வெளிச்சத்தையும் கோணத்தையும் கூட்டிக் குறைக்க முடியும். ஜப்பானில் பாவித்த வாகனமானால் எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில் இருக்கும். கையடக்கத் தொலைபேசியின் கெமராவால் மொழிபெயர்த்துப் பார்க்க இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரவில் வெளிச்சத்தைக் குறைக்காவிட்டால் முன்பாதை இருண்டு போகும்.

மூன்று, இது தூரத்தைப் பார்ப்பதற்கானது. பம்பருக்குக் கீழே நிற்கின்ற சிறு பிள்ளையை இது காட்டாது. பின்னால் எடுப்பதற்கு ரிவர்ஸ் கெமரா வேறு. அதற்கும் மேலாக ஓர் ஆளை இறக்கிப் பார்ப்பது வேறு. புறக்கோட்டையில் எமது முதல் மோதல் இதனை அறியாததால் வந்தது.

நான்கு, கெமரா வெளியில் இருந்தால் மழையிலும் சேற்றிலும் மறைந்து விடும். டீசல் அடிக்கும்போதெல்லாம் ஒரு துணியால் துடைக்கப் பழக்குங்கள். சில எல்.ஈ.டி. விளக்குகள் திரையில் மினுங்குவது போல் தெரியும், அது பழுதல்ல.

ஐந்து, பழைய கண்ணாடியின் மேல் மாட்டுகின்ற மலிவான திரைகளும் சந்தையில் உண்டு. அவற்றில் சில, படத்தைச் சற்றுப் பிந்திக் காட்டும். பழுதானால் கீழே உள்ள நல்ல கண்ணாடியையும் மறைத்துக்கொண்டு நிற்கும். வாங்க முன்னர் வாகனத்தில் மாட்டி, ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஆறு, நாற்பதைத் தாண்டிய சாரதியைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். கையில் எந்தக் கண்ணாடி இருக்கின்றது, திரை எந்த உயரத்தில் இருக்கின்றது என்பதைப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அந்தச் செலவை முதலாளி ஏற்பதுதான் முறை. வாகனம் முதலாளியுடையது, அதனை வாங்கத் தீர்மானித்ததும் முதலாளிதான்.

கடைசியாக ஒன்று. அந்த வேனுக்கு இலட்சக்கணக்கில் செலவழித்தேன். அதனை ஓட்டப் போகின்றவருக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கவில்லை. எமது கடைகளில் பில் போடுகின்ற கம்பியூட்டர் வந்தபோதும், கியூ.ஆர். மூலம் பணம் எடுக்கத் தொடங்கியபோதும் இதே பிழையை நாம் செய்தோம். புதிய பொருளைக் கொண்டு வந்து வைத்து விட்டு, பழைய ஆளைப் பிழை சொன்னோம். இருபத்திரண்டு வருட நம்பிக்கையை ஒரு மாதத்தில் தூக்கி எறிவது வியாபாரத்திலும் நட்டம், மறுமையிலும் கணக்கு.

நானா இப்போதும் எமது வேனைத்தான் ஓட்டுகின்றார். கடந்த செவ்வாய்க்கிழமை மழையில், கூரை வரைக்கும் பொதியோடு கடுகண்ணாவை ஏறி வந்து சேர்ந்தவர், சாவியைத் தரும்போது சொன்னார்: "ஹாஜியார், சாமான் நிறைய இரிந்தா இந்தக் கண்ணாடிதான் நல்லம்."

அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வாரம் இன்ஷா அல்லாஹ் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.