செல்லாக் காசை அறியும் தகரப்பெட்டி

சிகாகோவுக்கு மேற்கே செயின்ட் சார்லஸ் என்ற ஊரில், ஃபெசன்ட் ரன் என்ற விடுதியின் கூடங்களில் பல ஆண்டுகளாக ஒரு சந்தை கூடி வந்தது. காசு போட்டால் வேலை செய்யும் பழைய எந்திரங்களை வாங்கவும் விற்கவும், சும்மா தடவிப் பார்த்துவிட்டுப் போகவும் சேகரிப்பாளர்கள் அங்கே வருவார்கள். விடுதி 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட சந்தைகளில் கண்ணை விடக் காதுக்குத்தான் முதலில் வேலை. ஒரு மூலையில் ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டி பாடும், இன்னொரு மூலையில் ஸ்லாட் மெஷின் என்ற சூதாட்டப் பெட்டியின் கைப்பிடி கரகரவென்று இழுபடும், நடுவில் யாருக்கோ பரிசு விழுந்து தகரத் தட்டில் காசு கொட்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும்.

சந்தை சிகாகோவை ஒட்டி அமைந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்லாட் மெஷினுக்குப் பேர்போன மில்ஸ் நாவல்டி, பின்பால் என்ற குண்டு விளையாட்டு எந்திரங்களைச் செய்த காட்லீப், பாலி, வில்லியம்ஸ், ஜூக்பாக்ஸ் செய்த சீபர்க், ராக்-ஓலா எல்லாமே அந்த நகரத்துக் கம்பெனிகள். ராக்-ஓலா என்ற பெயர் ராக் இசையிலிருந்து வந்தது என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது நிறுவனர் டேவிட் ராக்கோலாவின் குடும்பப் பெயர். அவர் முதலில் செய்தது ஜூக்பாக்ஸ் இல்லை, காசு போட்டு எடை பார்க்கும் எந்திரம்.

கூட்டம் எப்போதும் அழகான பெட்டிகளைத்தான் மொய்க்கும். 1946-இல் வந்த வுர்லிட்சர் 1015 ஜூக்பாக்ஸின் வளைந்த கண்ணாடிக் குழாய்களில் குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கு முன்னால் நின்று படம் எடுக்காதவர் இல்லை. மில்ஸ் கம்பெனியின் வயலானோ-வெர்ச்சுவோசோவைச் சுற்றியும் ஆள் நிற்கும். ஸ்வீடனில் பிறந்த ஹென்றி சாண்டெல் உருவாக்கிய எந்திரம் அது. மர அலமாரிக்குள் ஒரு நிஜ வயலின் கிடக்கும். அதற்கு வில் கிடையாது. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சின்னச் சக்கரம், குங்கிலியம் தடவிய விளிம்போடு சுழன்று தந்தியை உரசும். ஓட்டை போட்ட காகிதச் சுருள் நகர நகர, மின்காந்தங்கள் இழுக்கும் உலோக விரல்கள் சரியான இடத்தில் தந்தியைத் தொடும். காசு போட்டால் வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும். பார்க்க வேண்டிய அதிசயம்தான், மறுக்கவில்லை.

ஆனாலும் இந்த எந்திரங்களில் மிகப் புத்திசாலியான பாகம் எது என்று கேட்டால், பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லுவேன். காசு போடும் துளைக்குப் பின்னால் தட்டையாக, இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப்பெட்டி தொங்கும். விழுந்தது நல்ல காசா, செல்லாக் காசா என்று தீர்ப்பு சொல்வது அதன் வேலை. உள்ளே கணினி இல்லை, பெரும்பாலும் மின்சாரமும் இல்லை. அமெரிக்க அரசு என்ன உலோகத்தில் காசு அடிக்க வேண்டும் என்பதில்கூட இந்தப் பெட்டியின் சொல் எடுபட்டிருக்கிறது.

காசு போட்டு இயக்கும் எந்திரத்தின் மிகப் பழைய வர்ணனை கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற கிரேக்கப் பொறியாளருடையது. கோயில் வாசலில் வைப்பதற்கான தீர்த்தப் பாத்திரம் அது. ஐந்து டிராக்மா நாணயத்தைப் போட்டால், அது உள்ளே ஒரு நெம்புகோலின் நுனித் தட்டில் விழும். எடையால் தட்டு தாழ, மறுமுனை மேலே எழுந்து அடைப்பைத் திறக்கும், தீர்த்தம் வரும். தட்டு சாயச் சாயக் காசு வழுக்கி விழுந்துவிடும், நெம்புகோல் பழைய நிலைக்குத் திரும்பும், அடைப்பு மூடிக்கொள்ளும். இவ்வளவுதான். இதில் ஹீரோ சோதிப்பது எடையை மட்டுமே. அதே எடையில் ஒரு ஈயத் துண்டைப் போட்டாலும் தீர்த்தம் வந்திருக்கும். கோயிலில் அப்படி ஏமாற்ற மாட்டார்கள் என்று அவர் நம்பியிருக்கலாம்.

ரயிலடியிலும் சாராயக் கடையிலும் அந்த நம்பிக்கை செல்லாது. 1880-களில் லண்டனில் பெர்சிவல் எவரிட் அஞ்சலட்டை விற்கும் எந்திரத்தை வைத்தார். 1888-இல் நியூயார்க்கின் மேம்பால ரயில் நடைமேடைகளில் தாமஸ் ஆடம்ஸ் கம்பெனியின் சூயிங்கம் எந்திரங்கள் வந்தன. அடுத்த ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் பாலே ராயல் மதுக்கடையில் லூயிஸ் கிளாஸ், எடிசன் ஃபோனோகிராஃபில் காசுத் துளையைப் பொருத்தி, காதில் குழாய் வைத்துப் பாட்டு கேட்க ஐந்து சென்ட் வாங்கினார். பின்னாலேயே வில்லைகளும் வந்தன. வில்லை என்றால் காசின் அளவுக்கு வெட்டிய ஈயம், பித்தளை, இரும்பு, இல்லையென்றால் ஆணிக்கடை வாஷர். எந்திரக்காரர்கள் முதலில் செய்த ஏற்பாடு சுலபமானது. பல ஸ்லாட் மெஷின்களில் கடைசியாகப் போட்ட சில காசுகள் ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வரிசையாகத் தெரியும்படி வைத்தார்கள். வில்லை போட்டவன் கடைக்காரர் கண்ணில் படாமல் நழுவ முடியாது. கடைக்காரர் எந்நேரமும் அங்கேயே நின்றால்!

ஆளில்லாத இடத்துக்குத்தான் தகரப்பெட்டி தேவைப்பட்டது. இதைச் செய்வதற்கென்றே செயின்ட் லூயிஸ் நகரில் நேஷனல் ஸ்லக் ரிஜெக்டர்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. போலி வில்லையைத் தள்ளுவது என்ற வேலையையே பெயராக வைத்துக்கொண்ட கம்பெனி.

பெட்டிக்குள் ஒரு ஐந்து சென்ட் காசின் பயணத்தைப் பின்தொடர்வோம். அமெரிக்கர்கள் நிக்கல் என்று கூப்பிடும் காசு அது. எடை 5 கிராம், விட்டம் 21.21 மி.மீ., முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். பெரிய காசாக இருந்தால் துளையிலேயே நுழையாது. உள்ளே போனது ஒரு சின்னத் தொட்டிலில் போய் உட்காரும். விட்டம் குறைந்தால் தொட்டிலின் இடைவெளி வழியே நழுவி, திரும்பி வரும் பாதையில் விழுந்துவிடும். விட்டம் சரியாக இருந்தாலும் எடை போதாவிட்டால் தொட்டில் சாயாது, காசு அங்கேயே நிற்கும். வெளியே உள்ள பொத்தானை அழுத்தினால் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஓட்டை இருந்தால் ஒரு மெல்லிய கொக்கி அந்த ஓட்டைக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். வாஷர்களின் கதை அங்கே முடிந்தது. சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் கையில் எடை பார்த்து, ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து எடுப்பதைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனைகள்.

இதுவரை அளவும் எடையும்தான். உலோகத்தைச் சோதிப்பது அடுத்த கட்டம், எனக்கு இதுதான் பிடித்த இடம். தொட்டிலைத் தாண்டிய காசு ஒரு சரிவில் உருளும். சரிவின் பக்கத்தில் ஒரு நிலைக்காந்தம். இரும்பாக இருந்தால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத உலோகத்தைக்கூடக் காந்தம் சும்மா விடாது. காந்தப்புலத்தின் ஊடே ஒரு கடத்தி நகரும்போது அதற்குள் மின்னோட்டம் வட்டவட்டமாகச் சுழலும். இதைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அது எப்போதும் நகர்வை எதிர்க்கும் திசையில்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பிரேக் அது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்தில் பிரேக் பலமாகப் பிடிக்கும். செம்பு மிக நல்ல கடத்தி. ஆனால் அதோடு கால் பங்கு நிக்கல் சேர்ந்தால் கடத்தும் திறன் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். அதனால் நல்ல நிக்கல் காசு காந்தத்தைப் பொருட்படுத்தாமல் உருண்டு போகும். செம்பு வில்லையும் அலுமினிய வில்லையும் தயங்கித் தயங்கி வரும்.

சரிவின் முடிவில் காசு அந்தரத்தில் பாய்ந்து ஒரு எஃகுக் கட்டையில் மோதித் துள்ளும். எதிரே ஒரு தடுப்பு. சரியான வேகத்தில் வந்து சரியான அளவு துள்ளிய காசு மட்டும் உரிய பக்கத்தில் விழும். ஈயம் கடத்துவதில் நிக்கல் காசுக்குக் கிட்டே வந்தாலும் துள்ளாது, மொத்தென்று விழும். அரை நொடியில், புவியீர்ப்பைத் தவிர வேறு எந்தச் சக்தியும் இல்லாமல், விட்டம், எடை, காந்தத்தன்மை, மின்கடத்துதிறன், மீள்தன்மை ஐந்தையும் அளந்து முடித்துவிடுகிறது இந்தத் தகரம். ஒரு வேடிக்கையும் உண்டு. அண்டை நாடான கனடா பல்லாண்டுகள் தன் ஐந்து சென்டைச் சுத்தமான நிக்கலில் அடித்தது. ஏறக்குறைய அதே அளவு. ஆனால் சுத்த நிக்கல் காந்தத்தில் ஒட்டும், முக்கால் பங்கு செம்பு கலந்தது ஒட்டாது. கனடாக்காரரின் காசு இரும்பு வில்லையோடு சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

இப்படி லட்சக்கணக்கான பெட்டிகள் நாடெங்கும் தொங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. காசுக்கேற்ப எந்திரம் செய்த காலம் போய், எந்திரத்துக்கேற்பக் காசு அடிக்கும் காலம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் உலோகம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. நிக்கல் இல்லாத ‘நிக்கல்’ ஒன்றை அடிக்க வேண்டும், எந்திரங்களும் அதை ஏற்க வேண்டும். நாணயச்சாலை கடைசியில் 1942-இல் கொண்டுவந்த கலவையில் 56 சதவீதம் செம்பு, 35 சதவீதம் வெள்ளி, 9 சதவீதம் மாங்கனீசு. செம்பும் வெள்ளியும் மட்டும் என்றால் மிக நன்றாகக் கடத்தும், காந்தம் பிடித்து நிறுத்திவிடும். கடத்துதிறனைக் கெடுக்கத்தான் மாங்கனீசு. 1943-இல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்தபோது அந்தக் கவனம் போதவில்லை. வில்லையைப் பிடிக்க வைத்த காந்தங்கள் அரசாங்கக் காசையே பிடித்தன.

1965-இல் சிக்கல் இன்னும் பெரியது. வெள்ளி விலை ஏறியதால், 90 சதவீதம் வெள்ளி கலந்த கால் டாலர் காசை மாற்ற வேண்டியிருந்தது. வெள்ளிக் காசுக்கான பெட்டியில் கதை நேரெதிர். அங்கே காந்தத்தின் முன் நன்றாகத் தயங்குவதுதான் நல்ல காசு. செம்பு-நிக்கல் கலவையில் அடித்தால் அது வேகமாக ஓடி, செல்லாக் காசு ஆகிவிடும். தீர்வு ஒரு மூன்றடுக்கு. வெளியே இரு பக்கமும் வெள்ளை நிறச் செம்பு-நிக்கல் தகடு, நடுவில் சுத்தச் செம்பு. செம்பு வெள்ளியைப் போலக் கடத்தும், தகடு வெள்ளியைப் போலத் தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்த சொந்தக்காரர் யாராவது மறதியாகப் பையில் ஒரு கால் டாலரை விட்டிருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். வெள்ளை நிறத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு எந்திரங்களுக்காகப் போட்டது.

2000-இல் சாக்கஜவேயா என்ற பழங்குடிப் பெண்ணின் உருவத்தோடு பொன்னிற டாலர் காசு வந்தது. அதற்குள் காந்தமும் தகரமும் போய், காசுப் பெட்டிகளுக்குள் மின்சுருள்கள் வந்துவிட்டன. சுருளில் ஓடும் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் கூடினால் அது காசின் மேல்தோலோடு நின்றுவிடும், குறைந்தால் உள்ளே வரை இறங்கும். அதனால் இந்தச் சுருள்களால் மேல்தகட்டையும் நடுச்செம்பையும் தனித்தனியாகச் சோதிக்க முடியும். 1979-இல் வந்த வெண்ணிற டாலர் காசை ஏற்கும் எந்திரங்கள், நிறம் மாறிய புதிய காசையும் அதே காசு என்று நம்ப வேண்டும். அளவும் எடையும் பழையபடியே, 26.5 மி.மீ., 8.1 கிராம். மேல்தகட்டைப் பித்தளையில் செய்தார்கள். பித்தளை அதிகம் கடத்தும் என்பதால் மறுபடியும் மாங்கனீசைக் கூப்பிட்டார்கள். மனிதர் கண்ணுக்குத் தங்க நிறம், எந்திரத்தின் உணர்வுக்குப் பழைய டாலர்.

விலைவாசிகூட இந்தத் துளையில் சிக்கியதுண்டு. கோகோ கோலா 1886 முதல் 1950-கள் வரை ஐந்து சென்டிலேயே நின்றதற்கு, ஐந்து சென்டை மட்டும் வாங்கும் எந்திரங்களும் ஒரு காரணம். ஆறு சென்ட் ஆக்க ஒற்றைக் காசு கிடையாது; பத்து சென்ட் ஆக்கினால் விலை இரட்டிப்பு. கம்பெனியின் பெரிய தலையான ராபர்ட் உட்ரஃப், 1953-இல் தன் நண்பர் அதிபர் ஐசனோவரிடமே ஏழரை சென்ட் காசு அடிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். அடிக்கவில்லை.

நம் ஊரில் ரயில்வே நடைமேடைகளில் கலர் விளக்கோடு நின்ற எடை எந்திரம் இந்தக் குடும்பத்துக் கிளைதான். காசு போட்டால் டக்கென்று அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் உங்கள் குணத்தைப் புகழ்ந்து ஒரு வரி. எடையில் தப்பு இருந்தாலும் அந்த வரியில் தப்பே இருக்காது! ஆனால் இங்கே நாணயச்சாலை எந்திரத்தைக் கேட்டுக் காசு அடிக்கவில்லை. 1980-களில் செம்பு-நிக்கலில் 6 கிராம் இருந்த ஒரு ரூபாய், 1992-இல் துருப்பிடிக்காத எஃகில் 4.85 கிராமும் 25 மி.மீ. விட்டமும் ஆனது, 2011-இல் 3.79 கிராமுக்கும் 21.93 மி.மீ.க்கும் இறங்கியது. 25 மி.மீ.க்குச் செய்த தொட்டிலில் இப்போதைய ரூபாய் நிற்காது, நழுவித் திரும்பி வரும். அந்தத் தகரப்பெட்டியின் சரிவில் கொண்டுபோய் விட்டாலும் காந்தத்தைத் தாண்டாது. சந்தேகம் இருந்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ரூபாய்க் காசின் மேல் வைத்துப் பாருங்கள், கப்பென்று பிடித்துக்கொள்ளும்.