ஒரு கொத்துக்கு ஐம்பது நிமிடம்: திருகோணமலைச் சாப்பாட்டுக்கடைகளில் கை குறைந்த கதை

கடந்த ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கமுள்ள ஒரு சாப்பாட்டுக்கடையில் கோழிக்கொத்து ஒன்றுக்காக ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். ஏழேகாலுக்குப் போய் இருந்தேன். மேசை துடைக்க ஆள் வந்தபோது ஏழு இருபத்தைந்து. தண்ணீர் வந்தது ஏழரைக்கு. கொத்து எட்டு மணி தாண்டி வந்தது. நல்ல கொத்துத்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குப் பக்கத்து மேசையில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பம். பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கியதும் தகப்பன் எழுந்து, மேசைகளுக்கு இடையில் ஓடிக்கொண்டிருந்த பொடியனைப் பிடித்துக்கொண்டார். "காசு குடுத்துத்தானே சாப்பிடுறம், சும்மாவா? ஊரிலை ஒருத்தருக்கும் வேலை செய்ய மனமில்லை." பொடியன் திருப்பி ஒன்றும் பேசவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, இப்ப வந்திடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

ஊரில் ஒருவருக்கும் வேலை செய்ய மனமில்லை என்ற இந்தப் பேச்சை இப்போது திருகோணமலையில் மட்டுமல்ல, வடக்கு கிழக்கில் எந்த நகரத்தில் சாப்பிடப் போனாலும் கேட்கலாம். அந்தப் பொடியன் அன்று காலை பத்து மணிக்கு வேலைக்கு வந்தவன். நான் எழும்பும்போதும் நின்றுகொண்டுதான் இருந்தான். அதனால் அந்தக் கடையின் முதலாளியம்மாவிடமும் அதேபோன்ற வேறு சில கடைக்காரர்களிடமும் பிறகு பேசினேன். ஐம்பது நிமிடம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் கடைக்குள் நடப்பதைப் பார்ப்போம். முன்பு அந்தக் கடையில் இரவு வேளைக்கு ஆறு பேர் நின்றார்கள்: கல்லில் இரண்டு கொத்து மாஸ்டர்மார், கறிக்கு ஒரு அக்கா, மேசைகளுக்கு இரண்டு பேர், கோப்பை கழுவ ஒருவர். இப்போது மூன்று பேர். மாஸ்டர் ஒருவர், அக்கா ஒருவர், அந்தப் பொடியன். மேசை துடைப்பது, சொன்னதை எழுதுவது, கொண்டுவந்து வைப்பது, காசு வாங்குவது, கோப்பை கழுவுவது எல்லாம் அவன் தலையில். தொலைபேசி அடித்தால் அதையும் அவன்தான் எடுக்க வேண்டும். நாம் கவனிக்காத வரிசை அந்தத் தொலைபேசிக்குள் இருக்கிறது. நான் போய் இருந்தபோது எனக்கு முன்னால் ஆறு மேசைகள்தான். ஆனால் தொலைபேசியில் சொல்லப்பட்ட பார்சல்கள் பதினான்கு இருந்தனவாம். சீனக்குடா மா ஆலைப் பக்கம் நிற்கும் லொறிச் சாரதிகள், இரவு வேலைக்காரர்கள், விருந்தினர் விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் அந்த ஒரே கல்லுக்குத்தான் வருகிறார்கள்.

ஆள் பாதியாகக் குறைந்தால் காத்திருப்பு இரண்டு மடங்காகும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அது அதைவிட மிக வேகமாக ஏறுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்லாங் என்பவர் 1909இல் தொலைபேசி இணைப்பகத்துக்கு வரும் அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது வரிசைக் கணக்கு. அதைக் கொத்துக் கல்லுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கொத்துக்குச் சராசரி 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணித்தியாலத்தில் 10 கொத்து கேட்கிறார்கள் என்றால் மாஸ்டருக்கு 50 நிமிட வேலை, 10 நிமிட ஓய்வு. பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஆட்கள் ஆறு நிமிடத்துக்கு ஒருவராக ஒழுங்காக வருவதில்லை. நாலு பேர் ஒன்றாக வருவார்கள், பிறகு கால்மணி நேரம் ஒருவரும் வரமாட்டார்கள். இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நமது முறை வருவதற்கு முன் சராசரியாக 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். 10க்குப் பதில் 11 கொத்து கேட்டால் அது 55 நிமிடமாகிவிடும். ஒரேயொரு கொத்துத்தான் கூடியது! அதே 11 கொத்துக்கும் கல்லில் இரண்டு மாஸ்டர் நின்றால் காத்திருப்பு ஒன்றரை நிமிடம்கூட வராது.

அதாவது கல்லில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் விமானம் ஏறினால் ஒன்றரை நிமிடம் 55 நிமிடமாகிறது. மிச்சமிருப்பவர் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் இதைச் சமாளிக்க முடியாது. நடைமுறையில் அவ்வளவு நேரம் பொறுக்காமல் பலர் எழும்பிப் போய்விடுவதால்தான் வரிசை அந்த அளவுக்கு நீளாமல் நிற்கிறது. எழும்பிப் போகிறவர்கள் கடையின் நட்டம்.

சரி, அந்த இரண்டாவது மாஸ்டர் எங்கே? கட்டாரில். கோப்பை கழுவியவரும் அங்கேதான். மேசைக்கு நின்ற மற்றப் பொடியன் மாலைதீவில் ஒரு விடுதியில் வேலை செய்கிறான்.

2022இல் நாடு வங்குரோத்தான பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு வெளிநாடு போனார்கள். 2024இலும் அதேபோல 3 இலட்சத்தைத் தாண்டியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94 வீதத்துக்கு மேல் போனது. சம்பளம் அதன் கிட்டவும் வரவில்லை. ஆட்கள் போனது ஒருபக்கம். சுற்றுலாப் பயணிகள் திரும்பி வந்தது மறுபக்கம். 2018இல் 23 இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கும் கொரோனாவுக்கும் பிறகு 2021இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. அந்த நேரம் பல கடைகள் ஆட்களை நிறுத்தின. 2024இல் வந்தவர்கள் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். வாடிக்கையாளர் திரும்பி வந்தார், நிறுத்தப்பட்ட பொடியன் திரும்பி வரவில்லை.

இது முழு நாட்டுக்கும் பொதுவான கதை. திருகோணமலைக்கு அதற்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு.

ஒன்று, பருவம். தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் காலியையும் நனைக்கும் காலத்தில்தான் எங்கள் கடல் அமைதியாக இருக்கும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி, கோணேசர் கோயில் என்று சனம் வரும். நவம்பரில் வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் கடை வெறிச்சோடிவிடும். ஐந்து மாதத்துக்கு ஆறு பேரும் மிச்ச ஏழு மாதத்துக்கு மூன்று பேரும் தேவைப்படுகிற கடை, வருடம் முழுவதும் ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்காது. "மழைக்கு வீட்டை போ, வெயிலுக்கு வா எண்டா எந்தப் பொடியன் நிப்பான்?" என்று முதலாளியம்மாவே கேட்டார்.

இரண்டு, மொழி. இந்த நகரத்தில் மேசைக்கு நிற்கிறவன் தமிழும் சிங்களமும் பேச வேண்டும், ஓரளவு ஆங்கிலமும் தெரிய வேண்டும். அப்படி மூன்று மொழியும் பழகிய ஒருவனைக் கடற்கரைப் பெரிய ஹோட்டல் விட்டுவைக்காது. அங்கே சம்பளத்துக்கு மேல் சேவைக் கட்டணத்தில் பங்கும் கிடைக்கும். அங்கே இரண்டு பருவம் நின்றவனை வளைகுடா விட்டுவைக்காது. சின்னக் கடைகள் ஆட்களைப் பழக்கி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன, அதற்கு யாரும் அவர்களுக்கு ஒரு சதம் கொடுப்பதில்லை.

மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது போரிலிருந்து வருகிறது. வெளிநாடு போகிறவர்களில் ஆண்கள் கூட, அப்படியானால் பெண்களை வேலைக்கு எடுக்கலாமே என்று கேட்கலாம். இந்த நாட்டில் உழைக்கும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவானவர்களே தொழிற்படையில் இருக்கிறார்கள், எனவே ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டுக்கடையின் உழைப்பு இரவில் இருக்கிறது. பெண்களை இரவில் வேலைக்கு அமர்த்துவதற்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சட்டத்தைவிட இறுக்கமானது பெற்றோரின் பயம். நான் இருந்த கடையிலிருந்து அதிக தூரமில்லாத கடற்கரையில்தான் 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இந்த நகரத்தில் பிள்ளை வளர்த்த எந்தத் தாயும் இருட்டியபின் கடற்கரைப் பக்கத்தைச் சாதாரண இடமாக நினைப்பதில்லை. பத்தொன்பது வருடம் போனாலும் "ஏழு மணிக்கு முதல் வீட்டை வா" என்ற சொல் வீடுகளில் மாறவில்லை.

அதற்காகப் பெண்கள் இந்தத் தொழிலில் இல்லை என்று எண்ண வேண்டாம். எங்கள் கண்ணில் படாத இடத்தில் அவர்கள்தான் நிற்கிறார்கள். போரில் கணவனை இழந்த பெண்கள் கிழக்கில் மட்டும் 49 ஆயிரம் பேர் என்று 2010இல் அரச தரப்பே கணக்குச் சொன்னது. அவர்களில் எத்தனையோ பேர் அடுப்படியை நம்பித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்கு எண்ணிக் கொடுப்பது, விடிய முன் புட்டுக்கு மா குழைப்பது, கடையின் பின்பக்கம் மீன் வெட்டுவது என்று பல விதமான வேலை. அன்று கறிக்கு நின்ற அக்காவும் அப்படி மூதூர்ப் பக்கம் இருந்து 2006இல் இடம்பெயர்ந்து வந்தவர். இப்போது முழங்கால் நோகிறது, வாரத்தில் இரண்டு நாள் வரமுடிவதில்லை. அவருடைய மகள் உயர்தரம் படித்தவள். தாய் நின்ற அடுப்படியில் அவள் நிற்க மாட்டாள், தாயும் விடமாட்டார். நான் அந்தத் தாயின் இடத்தில் இருந்தாலும் விடமாட்டேன்.

முன்பெல்லாம் போய் இருந்தவுடன் தண்ணீர் வந்ததே என்று நினைவுபடுத்துகிறவர்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தது யார்? பல கடைகளில் பதின்மூன்று பதினான்கு வயதுப் பொடியன். மலையகத்திலிருந்தும் வறிய கிராமங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டு, கடையின் பின்பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்தவன். 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வேகம் போனது நல்லது.

முதலாளிமாரின் பக்கத்திலும் பிழை இருக்கிறது. ஆகக் குறைந்த சம்பளம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபா, 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. பருவத்தில் சின்னக் கடைகளும் இதைவிடக் கூடவே கொடுக்கின்றன. ஆனால் நாட்கூலியாக. ஒருவரை வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும், தொழிலாளியின் பங்கு 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். நான் பேசிய கடைகளில் ஒன்றுதான் இதைக் கட்டுகிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்று சட்டம் சொல்வதைக் கேட்டு இரண்டு முதலாளிமார் சிரித்தார்கள். கட்டாரிலும் அந்தப் பொடியன் பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்யக்கூடும். ஆனால் அங்கே தங்குமிடமும் சாப்பாடும் போக மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் கையில் வரும், மழைக்காலத்தில் வீட்டுக்குப் போ என்று சொல்லமாட்டார்கள். சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டி, மழை மாதங்களுக்கு அரைச் சம்பளமாவது கொடுக்கிற அந்த ஒரு கடையில் ஆறு வருடமாக ஒரே மாஸ்டர் நிற்கிறார். அங்கேயும் காத்திருக்க வேண்டும்தான், இருபது நிமிடம்.

மற்றவர்கள் வேறு வழிகளில் சமாளிக்கிறார்கள். பதினெட்டு வகை இருந்த பட்டியலை ஆறாகக் குறைக்கிறார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு "பார்சல் மட்டும்" என்று பலகை வைக்கிறார்கள். தேங்காய்ச் சம்பலையும் குழம்பையும் முன்னால் வைத்து, தாங்களே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: மேசையில் ஆளுக்கொன்றாக நாலு விதம் சொல்லாமல் ஒரே வகையில் நாலு கொத்துச் சொன்னால் மாஸ்டர் ஒரே தட்டில் போட்டுவிடுவார். கல்லுக்கு அது ஒன்றரைக் கொத்தின் நேரம்தான்.

அன்று சத்தம் போட்ட அந்த மனிதரோடும் கதைத்தேன். சாப்பிட்ட பிறகு கோபம் தணிந்திருந்தது. 1980களின் கடைசியில் சுவிசுக்குப் போனவர், பேர்ன் நகரத்தில் ஒரு உணவகச் சமையலறையில் பதினொரு வருடம் கோப்பை கழுவினாராம். எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் அந்த நாட்டின் சமையலறைகளில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். "அங்கை எங்கடை பொடியள் ஒரு கிழமை வராட்டில் கடை பூட்டுத்தான்" என்று சொன்னவர், சற்று நிறுத்தி, மேசைகளுக்கு இடையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார். போகும்போது அவன் கையில் ஏதோ வைத்துவிட்டுப் போனார்.

பொடியனிடம் நான் பேர் கேட்கவில்லை, எப்போது போகிறாய் என்றுதான் கேட்டேன். "கடவுச்சீட்டு வந்திட்டுது ஐயா. பருவம் முடிய" என்றான். முதலாளியம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் காசுப் பெட்டியில் இருந்தார். மிச்சக் காசைத் தரும்போது என்னிடம் கேட்டார்: "உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையள் ஆரும் இருந்தாச் சொல்லுங்கோ. பொம்பிளைப் பிள்ளையெண்டாலும் பரவாயில்லை. ஏழு மணிக்கு முதல் நானே ஓட்டோவிலை கொண்டுபோய் விடுவன்."