கண்டறிதல்

தொண்டை நாட்டின் வடபால், ஆந்திர எல்லையை அடுத்துத் திருத்தணிகைக் குன்று விளங்குகின்றது. அசுரரோடு பொருத முருகப்பெருமானின் செருச்சினம் தணிந்த இடமாதலின் அதற்குத் 'தணிகை' என்னும் பெயர் ஏற்பட்டது என்பர். அதன் உச்சியிலுள்ள திருக்கோயிலை அடைய 365 படிகள் உள்ளன. அவை ஓர் ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்பது வழக்கு. அடிவாரத்தில் நிற்பவனுக்குத் தெருவும் கடைகளுமே தோன்றுகின்றன. படிகளை ஏற ஏறக் கண்ணுக்கு எட்டும் எல்லை விரிகின்றது. வயல்களும் நீர்நிலைகளும் தொலைவிலுள்ள மலைகளும் ஒவ்வொன்றாகப் புலனாகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் ஏறியவன் உண்டாக்கவில்லை. அவையெல்லாம் முன்னரே இருந்தன. அவற்றைக் காணும் இடத்திற்கு அவன் வந்து சேர்ந்தான். கண்டறிதல் என்பதன் இயல்பும் இத்தகையதே.

இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்வது வேறு. இருப்பதனைக் கண்டறிவது வேறு. நீராவிப் பொறி மனிதனால் செய்யப்பட்டது. காற்றில் கலந்துள்ள உயிர்வளியோ, மனிதன் அதனை அறிவதற்கு முன்னரும் அவனை வாழ்வித்துக்கொண்டே இருந்தது. கண்டறிதல் என்னும் சொல்லில் காண்டல், அறிதல் என இரு வினைகள் அடங்கியுள்ளன. காண்டல் கண்ணின் தொழில். அறிதல் கருத்தின் தொழில். இவ்விரண்டும் கூடாதவிடத்துக் கண்டறிதல் முற்றுப் பெறாது. இதனை வரலாறு நன்கு விளக்குகின்றது.

கொலம்பசு என்னும் மாலுமி கி. பி. 1492ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள் மூன்று கப்பல்களுடன் ஸ்பெயின் நாட்டினின்றும் புறப்பட்டார். மேற்கு நோக்கிச் சென்றே கிழக்கிலுள்ள நாடுகளை அடைந்துவிடலாம் என்பது அவர் துணிபு. அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் கரை தென்பட்டது. அதனை ஆசியாவைச் சார்ந்த தீவு என்றே அவர் கொண்டார். அங்கு வாழ்ந்தவர்களை 'இந்தியர்' என்றழைத்தார். அதன்பின் மும்முறை அக்கடலைக் கடந்தும், 1506இல் இறக்கும் வரையில் அவர் தம் கருத்தை விட்டாரல்லர். அது தனியொரு நிலப்பரப்பு என எடுத்துரைத்தவராக அறியப்பட்டவர் அமெரிகோ வெசுப்புச்சி. ஆதலின் 1507இல் வெளிவந்த நிலப்படம் ஒன்றில் அவர் பெயரால் 'அமெரிக்கா' என்னும் பெயர் பொறிக்கப்பட்டது. அலைகடலுக்கு அஞ்சாத நெஞ்சுரம் கொலம்பசிடம் இருந்தது. தாம் கொண்ட கருத்துத் தவறாகவும் இருக்கலாம் என எண்ணும் நெகிழ்ச்சி அவரிடம் இல்லை. கண்டவர் அவர், அறிந்தவர் பிறர்.

இவ்வரலாற்றில் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. கொலம்பசு கண்ட தீவுகளில் மக்கள் பன்னெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அவர்களுக்கு அது புதிய உலகம் அன்று, தாயகம். 1498இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும் இத்தகையதே. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மாலிந்தித் துறையில் அமர்த்தப்பட்ட மாலுமி ஒருவர் வழிகாட்டவே அவருடைய கப்பல்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. அராபியரும் கூர்ச்சரரும் தமிழரும் அக்கடலில் முன்னரே வாணிகம் செய்தனர். இராசேந்திர சோழனின் கப்பற்படை கி. பி. 1025ஆம் ஆண்டையொட்டிக் கடாரம் வரை சென்றது. எனவே, வாசுகோ ட காமா ஐரோப்பியர்க்கு ஒரு கடல்வழியைக் கண்டறிந்தார் என்பதே பொருந்தும். இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்பது பொருந்தாது. முன்பே ஓரிடத்தில் வாழ்வோரை மறந்து, 'யான் கண்டேன். ஆதலின் இஃது எனது' என்று எண்ணும்பொழுது, கண்டறிதல் கவர்தலாகத் திரிந்துவிடுகின்றது. அமெரிக்கத் தொல்குடியினர் நோயாலும் அடிமைத்தனத்தாலும் பெருந்தொகையினராய் அழிந்தது அத்திரிபின் விளைவேயாம்.

கண்டறிதலுக்குக் கடல் கடத்தல் வேண்டுமென்பதில்லை. திருத்தணி அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே கொசத்தலை ஆற்றையொட்டி அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு ஓடைக்கரைகளில் சிதறிக் கிடந்த கற்களை உழவரும் ஆயரும் எத்துணையோ தலைமுறையாக மிதித்துச் சென்றிருப்பர். நில இயல் ஆய்வுத் துறையில் பணிபுரிந்த இராபர்ட்டு புரூசு பூட்டு என்பவர் 1863ஆம் ஆண்டு மே திங்களில் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் ஒரு கல்லை எடுத்து நோக்கினார். அதன் விளிம்புகள் இயற்கையால் தேய்ந்தவையல்ல. கையால் செதுக்கப்பட்டவை என்பதனை உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். ஐரோப்பாவில் ஆற்றுச் சரளையினூடே கிடைத்த கற்கருவிகளைப் பற்றி அவர் முன்னரே அறிந்திருந்தார். அவ்வறிவே மற்றவர் கண்ணுக்கு வெறுங்கல்லாய்க் கிடந்ததனை அவர் கண்ணுக்குக் கைக்கோடரியாகக் காட்டியது.

கண்டறிதல் ஒருவரோடு முடிவதும் இல்லை. 1999 முதல் ஷாந்தி பப்பு முதலிய அறிஞர்கள் அத்திரம்பாக்கத்து மண்ணை அடுக்கடுக்காக அகழ்ந்து ஆராய்ந்தனர். நிலத்தின்மீது கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் படுவதனால் சில நுண்பொருள்கள் தோன்றுகின்றன. கல் ஆழப் புதையுண்டபின் அவை ஓர் அளவிற்குட்பட்டுக் குறைந்துகொண்டே வரும். எஞ்சியவற்றை அளந்தால், அக்கல் புதையுண்ட காலத்தைக் கணக்கிடலாம். இம்முறையாலும், மண்ணில் பதிந்துள்ள காந்தத் திசைக் குறிப்பாலும், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011இல் அறிவித்தனர். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே அங்குக் கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியது என 2018இல் வெளியிட்டனர். பூட்டு கண்டது கல்லை. பின்வந்தோர் கண்டது அதன் காலத்தை. இனி வருவோர் காண வேண்டுவன இன்னும் பலவாம்.

புறத்தே கண்டறிவன போன்றே அகத்தே கண்டறிவனவும் உள. திருத்தணியில் 1888ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் எளிய தெலுங்குக் குடும்பமொன்றில் இராதாகிருஷ்ணன் பிறந்தார். கல்லூரியில் எப்பாடத்தைப் பயில்வது என்னும் வினா எழுந்தபொழுது, உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்தார். அவ்வாறு தற்செயலாக வந்த பாடமே அவர் வாழ்வின் பாதையாயிற்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இந்து சமயத்தைப் பற்றிய கடுமையான கண்டனங்களைக் கேட்டார். அவை அவர் உள்ளத்தை வருத்தின. எனினும் அவர் சினந்து எதிருரை கூறுவதோடு அமையவில்லை; அக்கண்டனங்கள் எத்துணை உண்மை என அறியும்பொருட்டு முன்னோர் நூல்களைத் தாமே ஆழ்ந்து கற்றார். அக்கல்வியின் பயனாக வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றிய அவர்தம் ஆய்வுரை 1908இல் வெளிவந்தது. பின்னர் 1936இல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும், 1962இல் இந்தியக் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார். பிறர் குறை கூறியதனாலேயே அவர் தம்முடைய மரபையும், அதனை ஆராயும் தம் ஆற்றலையும் ஒருங்கே கண்டறிந்தார் எனலாம்.

கொலம்பசின் கதையும் பூட்டின் கதையும் இராதாகிருஷ்ணனின் கதையும் உணர்த்துவது ஒன்றே. 'எனக்கு எல்லாம் தெரியும்' என்னும் செருக்கு எழுந்தவிடத்துக் கண் திறந்திருந்தும் அறிவு மூடிக்கொள்கின்றது. செருக்கும் சினமும் தணிந்தவிடத்துக் காலடியில் கிடக்கும் கல்லும் பேசுகின்றது. பிறர் கூறும் குறையும் ஆசானாகின்றது. தணிகை என்னும் பெயரை மாணவர் நாள்தோறும் நினைத்தல் நலம். ஒரு கணக்கு விளங்காதபொழுதும், ஒரு பிழை சுட்டிக் காட்டப்படும்பொழுதும் வெகுளாது, 'இதனுள் யான் காணாதது யாது?' என வினவுதல் வேண்டும். அவ்வினா ஒவ்வொன்றும் ஒரு படியாகும். படிதோறும் உலகம் சிறிது விரியும். அதனைக் காண்பவன் உள்ளமும் அவ்வளவே விரியும்.