நீரின் தூய்மையும் மாணவரின் நியாயமும்

"நீர் தெளிவாக உள்ளது, மணமில்லை, ஆகவே தூயது" என மாணவர் ஒருவர் விடையெழுதினால் எத்தனை புள்ளிகள் வழங்குவது? இது வகுப்பறையோடு முடிந்துவிடும் வினாவன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறை நீரிலும் கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்தடி நீரிலும் உரப் பாவனையால் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் ஆவியாக, அதன் செறிவு கூடவே செய்யும்.

விஞ்ஞான வாதமொன்றுக்கு முடிவு, சான்று, இரண்டையும் இணைக்கும் நியாயம் என மூன்று உறுப்புகள் உண்டு. மதிப்பீடு முடிவோடு நின்றுவிடுமாயின், மனனம் செய்தவரையும் சிந்தித்தவரையும் வேறுபடுத்த இயலாது. நீரற்ற செப்புச் சல்பேற்று நீலமாவது நீர் இருப்பதைக் காட்டுமேயன்றி அதன் தூய்மையைக் காட்டாது. பீ.எச். பெறுமானம் 7 என்பதும் போதாது. கறியுப்புக் கரைசலுக்கும் ஏறத்தாழ அதுவே பெறுமானம். கடல் மட்ட அமுக்கத்தில் 100 பாகை செல்சியஸில் மாறாது கொதிப்பது இவற்றிலும் வலுவான சான்று. ஆயினும் நுண்ணளவான கலப்பை அதுவும் காட்டாது.

இரசாயனத் தூய்மை வேறு, குடிப்பதற்கு உகந்தமை வேறு என்பதையும் மாணவர் உணரவேண்டும். கனியுப்புகள் கரைந்த கிணற்று நீர் தூய பதார்த்தமன்று. எனினும் பருக உகந்ததாயிருக்கலாம். நைத்திரேற்றுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் விதந்துரைக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மீறிய நீரில் கரைத்த புட்டிப்பால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குன்றச் செய்யக்கூடும்.

எனவே, புள்ளித் திட்டம் வகுப்போர் சரியான முடிவுக்கு மாத்திரமன்றி, அதனைத் தாங்கும் நியாயத்துக்கும் உரிய பங்கை ஒதுக்கவேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.