கைக்குழந்தையும் மோட்டார் காரும்

காருக்கு எஜமானர் யார்? ஓட்டுபவரே என்பர் சிலர். தவணை கட்டுபவரே என்பர் வேறு சிலர். வீட்டில் கைக்குழந்தை ஒன்று பிறந்துவிட்டால் இவ்விரு விடைகளும் தவறாகிவிடும். வண்டி எப்போது புறப்படும், எங்கே நிற்கும் என்பவற்றையெல்லாம் பேச்சறியாத அந்தச் சின்னஞ்சிறு பிரயாணியே நிர்ணயிக்கிறது.

சென்ற மாதம் என் மகனும் மருமகளும் நான்கு மாதப் பேத்தியுடன் திருச்சியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டனர். நானும் என் மனைவியும் உடன் சென்றோம். தூரம் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதென்பது ஏற்பாடு. ஆறு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதைப் போல் மும்மடங்கு எடையுள்ள சாமான்கள் ஏறின. கதவைச் சாத்தியதும், உடை மாற்றியே தீரவேண்டிய காரியம் ஒன்றைக் குழந்தை செய்து முடித்தது. வண்டி நகர்ந்தபோது மணி ஒன்பது.

ஓடும் வரையில் உறக்கம். சுங்கச்சாவடியில் நின்றால் அழுகை. இதில் வியப்பில்லை. தூக்கிச் சுமக்கையில் அடங்கியிருப்பது பாலூட்டிகள் பலவற்றின் குட்டிகளுக்கு இயல்பு. அழும் குழந்தையை ஏந்தி 5 நிமிடம் நடந்தால் அது அமைதியுறும் என்று ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தார் 2022-இல் வெளியிட்டனர். தூளி கட்டிய நம் பாட்டிமார் அசைவின் அருமையை முன்பே அறிந்திருந்தனர்.

குழந்தை அழுதால் புதிய பெற்றோர் கலங்குவர். அழாவிட்டாலோ இன்னும் அதிகமாகக் கலங்குவர். "மூச்சு விடுகிறாளா, பார்" என்று மைலுக்கு ஒருமுறை மகன் கேட்டான். தொட்டுப் பார்த்தே மருமகள் எழுப்பிவிட்டாள்.

அழுகை உச்சத்தை எட்டியபோது, "என் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டோ? கட்டை அவிழ்த்து என்னிடம் கொடு" என்றாள் என் மனைவி. பாசத்தில் பிறந்த கேள்விதான். ஆயினும் விடையைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். வண்டி எதிலேனும் மோதி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், குழந்தையைப் பிடித்து நிறுத்த அதன் எடையைப் போல் 14 மடங்கு விசை வேண்டும். ஆறு கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 84 கிலோவாகக் கனக்கும். எந்தப் பாட்டியின் கை அதைத் தாங்கும்?

ஆதலால் சிசுவுக்கென அமைந்த தனி இருக்கையைக் காரின் பின்பகுதியில், பின்னோக்கியவாறு பொருத்த வேண்டும். சிசுவுக்குத் தலை பெரிது, கழுத்தோ வலுவற்றது. பின்னோக்கி அமர்ந்தால் மோதலின் வேகத்தை முதுகும் தலையும் ஒருசேர ஏற்கும், கழுத்து தப்பும். முன்னிருக்கையில் காற்றுப்பை உள்ள இடத்தில் இதை வைத்தலாகாது. விரியும் பையே ஆபத்தாகும். பதினான்கு வயது நிறையாதோரைப் பட்டியாலோ தனி இருக்கையாலோ பிணைக்காவிடில் 1000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் விதிக்கிறது.

நேயர்களே! குழந்தை அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், பால் கொடுங்கள், தோளில் சாய்த்துச் சற்று உலாவுங்கள். மதுரைக்கு நாங்கள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சேர்ந்ததால் எவருக்கும் குறைவு நேரவில்லை. எஜமானரின் ஆணைகள் யாவற்றுக்கும் பணியலாம். ஓடும் வண்டியில் கட்டை அவிழ்க்கச் சொல்லும் ஆணைக்கு மட்டும், அவர் எத்துணை உரக்க முழங்கினாலும், செவி சாய்த்தலாகாது.